கோபுரம் இல்லாத தொல்லூர்: அதிரம்பாக்கத்துக்கும் குடியத்துக்கும் ஒரு நாள்

சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களின் குடும்பங்களும் பள்ளிகளும் பழமையைக் காண்பதற்கென்று ஒரு நாளை ஒதுக்கும்போது, அவர்களுடைய வேன்கள் பெரும்பாலும் மாமல்லபுரத்துக்கோ காஞ்சிபுரத்துக்கோ செஞ்சிக் கோட்டைக்கோதான் புறப்படுகின்றன. அந்த ஊர்களின் பெருமை யாராலும் குறைத்துச் சொல்லக்கூடியது அன்று. ஆனால் இதே வீடுகளிலிருந்து சி.டி.எச். ரோட்டில் மேற்கே சென்று, திருவள்ளூரில் திரும்பி, பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அப்பால் எழும் அல்லிக்குழி மலைத்தொடரின் அடிவாரத்தை அடைந்தால், மாமல்லபுரத்துச் சிற்பங்களைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலான பழமை உடைய மனிதத் தடங்கள் அங்கே மண்ணுக்குள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன என்பதும், தெற்காசியாவின் தொல்பழங்காலத்தைப் பற்றி எழுதும் எந்த ஆய்வாளரும் அதிரம்பாக்கம் என்ற சிற்றூரின் பெயரைச் சொல்லாமல் நகர முடியாது என்பதும், அந்த ஊருக்கு இவ்வளவு அருகில் வாழ்பவர்களில் மிகப் பலருக்கு இன்னும் சென்று சேராத செய்திகளாகவே இருக்கின்றன.

இதற்கு ஒரு காரணம் உண்டு. அதிரம்பாக்கத்தில் தூண் இல்லை, மதில் இல்லை, கல்வெட்டு இல்லை. எழுத்தும் உழவும் மட்பாண்டமும் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பு, கல்லை உடைத்துக் கருவி செய்த மனிதர்கள் விட்டுச் சென்றவை மட்டுமே அங்கே எஞ்சியிருக்கின்றன. தானாகச் சென்று நிற்பவரின் கண்ணுக்கு அது முட்புதரும் செம்மண்ணும் மழைநீர் அரித்த ஓடையும் கொண்ட ஒரு வெற்றிடமாகத் தோன்றும். விவரம் அறிந்த வழிகாட்டி ஒருவர் உடன் இருந்தால், அந்த ஓடைக் கரையின் ஒவ்வொரு மண்ணடுக்கும் ஒரு காலத்தைச் சொல்லத் தொடங்கும். ஆகவே இந்த ஒரு நாள் பயணத்தில் வழிகாட்டி என்பவர் வசதிக்காக அமர்த்தப்படுபவர் அல்லர். அவர் இல்லாமல் காண்பதற்கு அங்கே ஏறக்குறைய எதுவுமே இல்லை. பயணத்தின் வரிசையும் அதே அளவுக்கு முக்கியமானது. மலையேற்றத்தை விரும்பிச் செல்லும் குழுக்கள் நேரே குடியம் குகையை நோக்கி நடந்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகின்றன. முதலில் பூண்டி அகழ்வைப்பகம், அடுத்து அதிரம்பாக்கத்து ஓடை, கடைசியில் குடியம் மலை என்ற வரிசையில் சென்றால்தான் குகையின் பொருளும் விளங்கும்.

பூண்டியில் தொடங்க வேண்டிய காரணம்

கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்துக்கு, அதற்காகப் பாடுபட்டு, அது நிறைவேறுவதற்கு முன் ஆண்டே மறைந்துபோன சென்னை மேயர் சத்தியமூர்த்தியின் பெயரால் சத்தியமூர்த்தி சாகர் என்ற பெயர் வழங்குகிறது. 1996 முதல் ஆந்திரத்தின் கண்டலேறு அணையிலிருந்து கால்வாய் வழியாக வரும் கிருஷ்ணா நீரும் இங்கேதான் வந்து சேருகிறது. இங்கிருந்து புழலுக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் கால்வாய்கள் பிரிகின்றன. அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் குழாயைத் திறக்கும் குடும்பங்களுக்கு இந்த ஆற்றுப் படுகையோடு அன்றாட உறவு ஏற்கெனவே இருக்கிறது. அந்த உறவின் மிகத் தொலைவான நுனியில், இதே ஆற்றின் வெள்ளம் பரவி ஒதுக்கிய களிமண் மேட்டில் வந்து தங்கிச் சென்ற ஆதி மனிதர்கள் இருக்கிறார்கள்.

நீர்த்தேக்கத்தின் அருகே தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1985-இல் அமைத்த அகழ்வைப்பகம் சிறியது. ஆயினும் திறந்தவெளியில் எந்தக் கல்லைப் பார்த்தாலும் கருவியோ என்று ஐயுறும் மயக்கத்தையும், உண்மையான கருவியை மிதித்துக்கொண்டே நடந்துவிடும் தவறையும் தவிர்ப்பதற்கான அடிப்படைப் பயிற்சியை இங்கேயே பெற்றுக்கொள்ளலாம். ஆற்றில் உருண்டு வந்த கூழாங்கல்லின் மேற்பரப்பு எங்கும் ஒரே சீராக மழமழத்திருக்கும். மனிதர் உடைத்த கல்லில், அடி விழுந்த இடத்தில் சிறு குமிழ் போன்ற புடைப்பும், அதிலிருந்து விரியும் அலைக்கோடுகளும், சில்லு பெயர்ந்த பள்ளங்கள் ஓர் ஒழுங்கோடு அடுத்தடுத்து அமைந்த விளிம்பும் இருக்கும். கைக்கோடரி எனப்படுவது, இரு பக்கமும் சில்லு பெயர்த்துப் பாதாம் பருப்பின் வடிவில், ஒரு முனை கூராகவும் மறு முனை உள்ளங்கையில் பொருந்தும்படியும் செய்யப்பட்ட கருவியாகும். அதன் இணையான பிளப்பானுக்குக் கூர்முனை இல்லை. குறுக்காக அமைந்த அகன்ற வெட்டு விளிம்பு உண்டு. இவ்விரண்டையும் முதன்மையாகக் கொண்ட கருவித் தொகுதியை, பிரான்சின் ஆமியான் நகரை ஒட்டிய செயின்ட் அஷூல் என்ற இடத்தின் பெயரால் அஷூலியன் என்று அழைப்பது வழக்கம்.

1863-ஆம் ஆண்டு

இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தொடக்கமே சென்னையைச் சுற்றித்தான் நிகழ்ந்தது என்பதை வழிகாட்டிகள் அழுத்திச் சொல்ல வேண்டும். மனிதனின் வயது சில ஆயிரம் ஆண்டுகளே என்று ஐரோப்பா நம்பிக்கொண்டிருந்த காலத்தில், பிரான்சின் சோம் ஆற்றுப் படுகையில் அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு கிடைத்த கற்கருவிகள் மனிதர் செய்தவையே என்பதை 1859-இல் பிரெஸ்ட்விச், எவான்ஸ் ஆகிய ஆங்கில அறிஞர்கள் நேரில் பார்த்து உறுதிசெய்தனர். டார்வினின் நூல் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். இந்தச் செய்திகளைப் படித்து, இந்தியாவிலும் அத்தகைய கருவிகள் இருக்கக்கூடும் என்று தேடத் தொடங்கியவர், இந்திய நிலவியல் அளவைத் துறையில் 1858-இல் சேர்ந்து தென்னிந்தியாவில் பணியாற்றி வந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் ஆவார். 1863 மே 30 அன்று பல்லாவரத்துப் படைப்பயிற்சித் திடலை ஒட்டிய சரளைக்கல் குழி ஒன்றில் அவர் கண்டெடுத்த கைக்கோடரியே இந்தியாவில் அடையாளம் காணப்பட்ட முதல் பழங்கற்காலக் கருவியாகக் கருதப்படுகிறது. அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று, உடன் பணியாற்றிய வில்லியம் கிங்குடன் அதிரம்பாக்கத்து ஓடையில் இறங்கிய அவர், ஒன்றிரண்டு கற்களுக்குப் பதிலாகக் கருவிகளின் பெருந்திரளையே கண்டார்.

ஃபூட்டின் பிற்கால வாழ்க்கையும் தமிழ்நாட்டோடு பிணைந்ததுதான். அவர் திரட்டிய கருவிகளை 1904-இல் சென்னை அரசு விலைக்கு வாங்கி எழும்பூர் அருங்காட்சியகத்தில் சேர்த்தது. அவற்றின் விரிவான பட்டியலும் குறிப்புகளும் அவர் மறைந்த பின் 1914-இலும் 1916-இலும் நூல்களாக வெளிவந்தன. ஏற்காட்டில் வீடு கட்டி வாழ்ந்த அவருக்கு அங்குள்ள தேவாலய வளாகத்தில் நினைவிடம் இருக்கிறது. அவருக்குப் பின் வந்தவர்களுள் வி.டி. கிருஷ்ணசுவாமி குறிப்பிடத்தக்கவர். 1930-களில் கொசஸ்தலை ஆற்றின் பழைய கரைமேடுகளை ஆராய்ந்த அவருடைய எழுத்துகளின் வழியே, தீபகற்ப இந்தியாவின் கைக்கோடரி மரபு ‘மதராசியப் பண்பாடு’ என்று பாடநூல்களில் இடம்பெற்றது.

களிமண்ணுக்குள் இருந்த காலம்

ஆதி மனிதர்கள் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்த காரணத்தை அறிய முதலில் மலையைப் பார்க்க வேண்டும். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 200 முதல் 380 மீட்டர் உயரமே உள்ள அல்லிக்குழித் தொடர், கொல்லிமலையையோ ஏற்காட்டையோ அறிந்தவர்களுக்குக் குன்றாகவே தோன்றும். ஆனால் அதன் உடல் முழுவதும் உருள்திரள் பாறையால் ஆனது. அதாவது, டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தில் ஆறுகள் உருட்டி வந்து குவித்த குவார்ட்சைட் கற்கள், முட்டை அளவிலிருந்து பூசணி அளவு வரை, மணலோடு இறுகிப் பாறையானவை. குவார்ட்சைட் என்பது மணற்கல் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மாறி உருவான, மிகக் கடினமான, அடித்தால் கூர்விளிம்போடு சில்லாகப் பெயரும் கல். அந்த மலை சிதைய, கற்கள் அடிவாரத்துக்கும் ஆற்றுக்கும் இறங்கி வந்தன. கருவிக்குரிய கல், குடிக்க நீர், நீரைத் தேடி வரும் விலங்கு ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்த நிலப்பரப்பு இது. இங்கே அடித்தளமாக அமைந்த பழைய களிப்பாறைக்கு நிலவியலாளர்கள் வைத்திருக்கும் பெயர் ‘ஆவடி’ என்பதே. நிலவியல் வரைபடத்தில் அந்தப் புறநகரின் பெயர் இப்படி ஒரு பொருளிலும் வழங்குகிறது என்பதை அங்குள்ள பள்ளி மாணவர்களுக்குச் சொல்வது நல்லது.

அந்தக் களிப்பாறையை முன்னிட்டு ஒரு நெடுங்காலக் குழப்பம் நேர்ந்தது. அதிரம்பாக்கத்து ஓடைக் கரையில் மேலே செம்புரைச் சரளை, அதன் கீழே மெல்லிய ஏடுகளாகப் படிந்த களிமண் என்று அடுக்குகள் அமைந்திருக்கின்றன. அந்தக் களிமண்ணைக் கிரெட்டேசியஸ் களிப்பாறை என்றே முந்தைய அறிஞர்கள் கருதியதால், மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகள் முன் படிந்த அடுக்கில் கருவியைத் தேடுவதற்கே இடமில்லாமல் இருந்தது. 1960-களில் இந்தியத் தொல்லியல் துறையின் சார்பில் கே.டி. பானர்ஜி இங்கும் குடியத்திலும் அகழாய்வு நடத்தினார். பிறகு 1999-இல், சென்னையில் உள்ள சர்மா பாரம்பரியக் கல்வி மையத்தைச் சேர்ந்த சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் புதிய அகழாய்வைத் தொடங்கிப் பல ஆண்டுகள் நடத்தியபோது, அந்த ஏட்டுக் களிமண்ணுக்குள்ளேயே மேலிருந்து கீழ் வரை அஷூலியன் கருவிகள் வரத் தொடங்கின. அது பாறை அன்று. ஆற்றுவெள்ளம் அமைதியாகப் பரவி, ஒவ்வொரு முறையும் மெல்லிய படிவை விட்டுச் சென்றதால் உருவான மண் என்பது அப்போது தெளிவாயிற்று.

இந்த இடத்தில் வழிகாட்டி சற்று நின்று விளக்க வேண்டிய ஒரு நுட்பம் இருக்கிறது. மெதுவாகப் பரவும் வெள்ளம் களிமண் துகளைச் சுமக்குமே தவிர, இரண்டு கிலோ கல்லைச் சுமக்காது. அப்படியானால் அந்தக் களிமண்ணுக்குள் கிடக்கும் ஒவ்வொரு கைக்கோடரியும், கருவிக்கெனப் பெயர்த்த ஒவ்வொரு பெரிய சில்லும், வேறோர் இடத்திலிருந்து ஒருவர் கையில் எடுத்து வந்து இங்கே வைத்தவை என்றுதான் பொருள். கல் இருக்கும் இடத்தை நினைவில் கொண்டு, தேவை எழுவதற்கு முன்பே அதைச் சுமந்து வந்த முன்யோசனை அந்த மனிதர்களுக்கு இருந்தது. ஒரே ஆய்வுக்குழியின் கீழ் அடுக்குகளிலிருந்து மட்டும் 3,500-க்கும் மேற்பட்ட கருவிகளும் சில்லுகளும் கிடைத்தன. குதிரை, மாடு ஆகிய இனங்களைச் சேர்ந்த விலங்குகளின் பற்கள் புதைபடிவமாகவும், ஈர மண்ணில் விலங்குகள் நடந்த குளம்புத் தடங்களும்கூட வெளிப்பட்டன.

இவற்றின் வயது 2011-இல் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் வெளியான கட்டுரையால் உலகுக்குத் தெரியவந்தது. அந்தக் கணிப்பு இரு வழிகளில் செய்யப்பட்டது. பூமியின் காந்தப்புலம் கடைசியாகத் திசை மாறியது சுமார் 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு என்பதும், மண் படியும்போது அதிலுள்ள இரும்புத் துகள்கள் அன்றைய காந்தத் திசையை ஏற்று நிற்கும் என்பதும் அறியப்பட்டவை. அதிரம்பாக்கத்துக் களிமண் தலைகீழான திசையைக் காட்டியதால் அது அந்த மாற்றத்துக்கு முந்தியது என்பது உறுதியானது. இரண்டாவது வழி இன்னும் நேரடியானது. நிலத்தின் மேலே கிடக்கும் கல்லில் விண்ணிலிருந்து வரும் கதிர்கள் மோதும்போது, அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரு கதிரியக்க அணுவகைகள் மிகச் சிறிய அளவில் உருவாகின்றன. கல் மண்ணில் ஆழப் புதைந்ததும் அந்த உற்பத்தி நின்று, இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சிதையத் தொடங்குகின்றன. எஞ்சியிருக்கும் விகிதத்தை அளந்தால் கல் எப்போது புதைந்தது என்று சொல்லிவிடலாம். அப்படி அளந்ததில் சராசரியாக 15.1 லட்சம் ஆண்டுகள், 70 ஆயிரம் ஆண்டுகள் கூடவோ குறையவோ இருக்கலாம் என்றும், எப்படிப் பார்த்தாலும் 10.7 லட்சம் ஆண்டுகளுக்குக் குறையாது என்றும் முடிவு கிடைத்தது. அஷூலியன் கருவிகளின் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்றான கென்யாவின் கோகிசெலேய் தொல்லிடத்தின் வயது 17.6 லட்சம் ஆண்டுகள் என்பதோடு ஒப்பிட்டால், ஆப்பிரிக்காவில் தோன்றிய அந்தத் தொழில்நுட்பம் கொசஸ்தலைக் கரையை எவ்வளவு விரைவில் எட்டிவிட்டது என்பது புலப்படும்.

மேல் அடுக்குகள் இன்னொரு கேள்வியை எழுப்பின. பெரிய கைக்கோடரிகள் குறைந்து, சிறிய சில்லுகளும் கூர்முனைகளும் பெருகும் இடைப்பழங்கற்காலத்தைச் சேர்ந்த 7,000-க்கும் மேற்பட்ட கருவிகள் அங்கே கிடைத்தன. அவற்றுள் லெவலுவா முறை காணப்படுகிறது. முதலில் மூலக்கல்லின் மேற்பரப்பைச் சுற்றிலும் கொத்திப் பதப்படுத்திக்கொண்டு, பின் ஒரே அடியில் விரும்பிய அளவும் வடிவும் உள்ள சில்லைப் பெயர்த்தெடுப்பதே அந்த முறை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் டூல் ரூமில் வேலை செய்பவருக்கு இதை விளக்கவே வேண்டாம்: இறுதி உருப்படியை மனத்தில் வைத்துக்கொண்டு, அதற்கு முந்தைய ஒவ்வொரு படியையும் திட்டமிட்டுச் செய்யும் அதே சிந்தனைதான் இது. மணல் துகள் கடைசியாக வெயிலைக் கண்டது எப்போது என்பதை, அதில் தேங்கிய ஆற்றலை ஒளியாக வெளிப்படச் செய்து அளக்கும் முறையால் இந்த அடுக்குகளின் தொடக்கம் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முந்தியது என்று கணிக்கப்பட்டு, 2018-இல் ‘நேச்சர்’ ஆய்விதழில் வெளியாயிற்று. இந்தத் தொழில்நுட்பத்தை நவீன மனிதர்களே மிகப் பிற்காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தனர் என்ற பரவலான கருத்தை அந்த ஆண்டுக்கணக்கு அசைத்துவிட்டது. அதைச் செய்தவர்கள் எந்த மனித இனத்தினர் என்று சொல்ல அதிரம்பாக்கத்தில் மனித எலும்பு எதுவும் துணைக்கு இல்லை. இந்திய மண்ணிலிருந்து கிடைத்த தொன்மையான மண்டையோட்டுப் பகுதியே 1982-இல் நர்மதைக் கரையின் ஹத்னோராவில் கண்டெடுக்கப்பட்ட ஒன்றுதான்.

குடியம்

அதிரம்பாக்கத்தைப் பார்த்த பிறகே குடியத்துக்கு ஏற வேண்டும் என்று சொன்னதன் காரணம் இனி விளங்கும். குடியம் என்ற மலையடிவாரச் சிற்றூரிலிருந்து களாவும் காரையும் சூரை முள்ளும் அடர்ந்த காப்புக்காட்டின் வழியே சில கிலோமீட்டர் நடந்தால், அரைவட்டமாக வளைந்து முன்னே கவிந்து நிற்கும் பெரும் பாறை ஒதுக்கு திடீரென்று எதிரே எழுகிறது. ஒதுக்கு என்பது ஆழமான சுரங்கக் குகை அன்று. மழையும் காற்றும் அடிப்பாறையை அரித்ததால் மேற்பாறை நீட்டிக்கொண்டு நிற்கும் திறந்த நிழலிடம். தலைக்கு மேலே விதானமெங்கும் உருண்டைக் கற்கள் பதிந்து துருத்திக்கொண்டிருப்பதை அண்ணாந்து பார்ப்பவர், அடிவாரத்துக் கருவிகளுக்கான மூலக்கல் எங்கிருந்து வந்தது என்பதைத் தாமே கண்டுகொள்வார். அம்மனை வழிபடும் இடமாகவும் அது இன்று விளங்குகிறது; செருப்பைக் கழற்றி, அமைதியாக நிற்பது வருபவர்களின் கடமை.

இவ்வளவு அழகும் காப்பும் உள்ள இந்த நிழலில்தான் ஆதி மனிதர்கள் கூட்டமாக வாழ்ந்திருப்பார்கள் என்று மனம் உடனே முடிவு செய்துவிடுகிறது. பானர்ஜி 1962 முதல் 1964 வரை நடத்திய அகழாய்வு வேறு விதமாகச் சொன்னது. அஷூலியனின் பிற்பகுதி முதல் விரல்நுனி அளவே உள்ள நுண்கருவிகளின் காலம் வரை மனித வரவுக்குச் சான்றுகள் இருந்தாலும், கிடைத்த கருவிகளின் எண்ணிக்கை குறைவு. இது நீண்டகாலக் குடியிருப்பாக இல்லாமல், வந்து தங்கிச் செல்லும் இடமாகவே இருந்திருக்கக்கூடும். ஆனால் பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத அதிரம்பாக்கத்து ஓடைக்கரைக்கு மனிதர்கள் லட்சக்கணக்கான ஆண்டுகள் மீண்டும் மீண்டும் வந்தார்கள். குகைவாழ் மனிதன் என்று பாடப்புத்தகப் படங்கள் பதித்துவிட்ட எண்ணத்தைக் களைவதற்கு இந்த இரண்டு இடங்களையும் ஒரே நாளில் பார்ப்பதைவிடச் சிறந்த பாடம் வேறில்லை.

குகையைவிட அடிவாரத்துச் சரளை நிலத்தின் எதிர்காலம்தான் மிகுந்த கவலைக்குரியது. அதிரம்பாக்கத்து ஓடை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ஆனால் ஃபூட் தன் கருவிகளைக் கண்டெடுத்த செம்புரைச் சரளை அடுக்கு, திருவள்ளூர் மாவட்டத்தில் பல இடங்களில் நிலத்தின் மேலாகவே கிடக்கிறது. மனைகளை மேடாக்கவும் சாலைகளுக்கு அடித்தளம் இடவும் லாரிகளில் வரும் ‘கிராவல்’ அத்தகைய அடுக்குகளிலிருந்து தோண்டப்படுவதுதான். ஒரு கோயிலை இடித்தால் ஊர் திரண்டு வந்து தடுக்கும். லட்சக்கணக்கான ஆண்டு பழமையான மண்ணடுக்கைப் பொக்லைன் அள்ளிச் செல்லும்போது இழப்பு நேர்ந்ததே யாருக்கும் தெரியாது. குழி தோண்டும் முன் அந்த நிலத்தைத் தொல்லியல் அறிந்த ஒருவர் பார்வையிட வேண்டும் என்ற விதி இம்மாவட்டத்துக்கு உடனடித் தேவை.

இன்னொரு தேவை வழிகாட்டிகள். சீத்தஞ்சேரி, குடியம் பகுதிகளின் இளைஞர்களுக்கும், இந்த மாவட்டக் காடுகளைத் தலைமுறைகளாக அறிந்த இருளர் சமூகத்தினருக்கும் முறையான பயிற்சியும் ஊதியமும் கொடுத்து அரசே வழிகாட்டிகளாக அமர்த்த வேண்டும். காட்டுத் தடத்தையும் தேனீக்கூடு இருக்கும் பாறையையும் அறிந்தவர்கள் அவர்கள். மண்ணடுக்கின் வரிசையைக் கற்றுக்கொள்ள அவர்களுக்குச் சில மாதங்கள் போதும். ஆவடியிலிருந்து திருவள்ளூருக்கு மின்சார ரயில் இருக்க, அங்கிருந்து பூண்டிக்குப் போக்குவரத்து ஏற்பாடும் செய்யப்பட்டால், சொந்த வண்டி இல்லாத குடும்பங்களும் அரசுப் பள்ளிகளும் இந்த நாளைப் பெறும். திரும்பும் வழியில் நேரமிருந்தால், மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வு நடத்தி, கற்கருவி முதல் உறைகிணறு வரை வெளிக்கொணர்ந்த பட்டரைப்பெரும்புதூரையும் வழிகாட்டி சுட்டிக்காட்டலாம்.

காட்டுக்குள் செல்ல வனத்துறையின் அனுமதியைப் பெற வேண்டும். உணவும் நீரும் கையோடு கொண்டுபோக வேண்டும், நெகிழிப் பையைத் திரும்ப எடுத்து வர வேண்டும். கோடையில் அந்தப் பாறைகளின் வெப்பம் குழந்தைகளுக்குத் தாங்காது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் தை, மாசி மாதங்களில் செல்வது நல்லது. வெயில் இளசாக இருப்பதோடு, அந்த ஆண்டின் மழை ஓடைக் கரையைப் புதிதாக அரித்து, அதுவரை மண்ணுக்குள் இருந்த கருவிகளைச் சிறிது வெளியே காட்டியிருக்கும். அவற்றை யாரும் எடுக்காமல், அவை கிடக்கும் அடுக்கிலேயே விட்டுவரும்படி பார்த்துக்கொள்வது வழிகாட்டியின் பொறுப்பு. அடுக்கிலிருந்து பெயர்த்தெடுத்த கல் தன் வயதைச் சொல்லும் ஆற்றலை அந்தக் கணமே இழந்துவிடுகிறது.